ஊருக்குத் தண்ணீர் தரும் கலைஞர் விடுதி

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், தென்கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது தம்பாகுண்டா வட்டாரம். தலைநகர் டக்காரிலிருந்து சாலை வழியே 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை உண்டு. மற்ற மாதங்களில் பெரும்பாலும் வறட்சிதான். இந்த வட்டாரத்தில் உள்ள சிந்தியன் என்ற சிற்றூரில், 2015-இல் 'த்ரெட்' என்ற கலைஞர் விடுதி திறக்கப்பட்டது. அங்கே கலைஞர்களுக்கான இருப்பிடங்கள் இரண்டுதான். கட்டடத்தின் பரப்போ ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல். மீதி இடமெல்லாம் ஊருக்கு.

கலைஞர் விடுதி என்றால் என்ன?

ஓவியர், எழுத்தாளர், இசைக் கலைஞர் போன்றோருக்குச் சில வாரங்களோ மாதங்களோ தங்க இடமும் வேலை செய்யக் கூடமும் தருவதுதான் இந்த ஏற்பாடு. சந்தடி இல்லாத இடமாகப் பார்த்து அமைப்பது வழக்கம். கலைஞர் வருவார், வேலையை முடிப்பார், கிளம்பிவிடுவார். பக்கத்து ஊருக்கு இதனால் கிடைப்பது பெரும்பாலும் சமையல் வேலையும் காவல் வேலையும்தான். சிந்தியனில் இந்தக் கணக்கு முதலிலேயே மாற்றிப் போடப்பட்டது. ஊருக்கான பொதுக்கூடம் முதலில். அதன் ஓரத்தில் கலைஞர்களுக்கு இரண்டு இருப்பிடங்கள்.

யார் கட்டியது?

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் ஜோசப் ஆல்பர்ஸ் (1888–1976). அங்கே நெசவு பயின்று, அதையே பெரும் கலையாக வளர்த்தவர் அவர் மனைவி ஆனி ஆல்பர்ஸ் (1899–1994). 1933-இல் இருவரும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் பெயரில் கனெக்டிகட் மாநிலத்தில் இயங்கும் அறக்கட்டளைதான் த்ரெட்டுக்குப் பின்னால் இருப்பது. அதை நடத்தும் நிக்கோலஸ் ஃபாக்ஸ் வெபர், செனகலில் மருத்துவம், கல்விப் பணிகளைச் செய்யும் 'லெ கோர்சா' அமைப்பையும் தொடங்கியவர். சிந்தியனில் மருத்துவ நிலையம் நடத்திவந்த உள்ளூர் மருத்துவர் ஒருவர் வழியாக அறக்கட்டளைக்கு ஊருடன் ஏற்கெனவே பழக்கம் இருந்தது. வெளியார் பணத்தோடு வந்திறங்கி ஊரைத் தேடிக் கண்டுபிடித்த கதை அல்ல இது. கட்டடத்தை வடிவமைத்தவர் நியூயார்க்கில் தொழில் செய்யும் தொஷிகோ மோரி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறைக்குத் தலைமை வகித்தவர். 2017-இல் இந்தக் கட்டடம் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் விருதைப் பெற்றது.

கூரை எப்படி வேலை செய்கிறது?

மூங்கில் சட்டத்தின் மேல் புல் வேய்ந்த கூரை. அந்தப் பக்கத்து வீடுகளிலும் புல் கூரைதான். ஆனால் வழக்கமான கூரை நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும். மழைநீர் வெளியே கொட்டி ஓடிவிடும். மோரி அந்தச் சரிவைச் சில இடங்களில் தலைகீழாக்கினார். கூரை ஓரிடத்தில் மேலெழுகிறது, இன்னோரிடத்தில் பள்ளமாக இறங்குகிறது. நடுவே இரண்டு முற்றங்கள் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. பள்ளங்களில் சேரும் நீர், வாய்க்கால் வழியே தொட்டிகளுக்குப் போகிறது. செனகலின் தெற்கே காசாமான்ஸ் பகுதியில் ஜோலா மக்கள் உள்முற்றத்தை நோக்கிச் சரியும் கூரை போட்டு மழைநீர் பிடிப்பது நெடுநாள் வழக்கம். அந்த நாட்டுக்கு இந்த யோசனை அந்நியமானது அல்ல.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர மீட்டரில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 50,000 லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் நான்கு நிரம்பும். புல் உறிஞ்சுவதும் சிந்துவதும் போகக் கொஞ்சம் குறையும். ஊரின் வீட்டுப் புழக்கத்துக்கு வேண்டிய நீரில் சுமார் 40 சதவீதத்தை இந்தக் கூரை தரும் என்பது வடிவமைப்பாளர்களின் மதிப்பீடு.

ஏசி இல்லாமல் எப்படி?

சுவர்கள் அங்கேயே கிடைத்த மண்ணை அழுத்திச் செய்த செங்கற்களால் ஆனவை. சூளையில் சுடாததால் விறகு மிச்சம். லாரியில் ஏற்றி வராததால் டீசலும் மிச்சம். சில சுவர்களில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். வெயில் உள்ளே வராது, காற்று வரும். சூடான காற்று உயரமான கூரைக்கடியில் ஏறி முற்றத்தின் வழியே வெளியேறிவிடும். தரையில் பதித்திருப்பது உடைந்துபோன டைல்ஸ் துண்டுகள்.

கட்டியவர்கள் ஊர்க்காரர்கள். மூங்கில் கட்டவும் புல் வேயவும் அவர்களுக்குத் தெரியும். வளைந்து நெளியும் இந்தச் சரிவுதான் புதிது. ஊரின் முதல் பயிற்சிப் பட்டறை கட்டுமானத்தின்போதே நடந்துவிட்டது என்று சொல்லலாம். புல் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய்ந்தாக வேண்டும். மூங்கிலைப் பதப்படுத்தாவிட்டால் உளுத்துவிடும். இவற்றைப் பழுதுபார்க்க வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தால், இரண்டாவது மழைக்காலத்திலேயே கட்டடம் கைவிடப்பட்டிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

சந்தை கூடுகிறது. ஊர்க்கூட்டம் நடக்கிறது. பாட்டும் நடனமும் அரங்கேறுகின்றன. வகுப்புகளும் விவசாயப் பயிற்சியும் உண்டு. சேமித்த நீர் சுற்றியுள்ள நிலத்தில் காய்கறி வளர்க்க உதவுகிறது. செனகலிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் கலைஞர்கள் இந்த நடமாட்டத்துக்கு நடுவில்தான் வேலை செய்ய வேண்டும். பட்டறை நடத்த அவர்கள் யாரையும் கூப்பிட்டுக் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை. தண்ணீருக்கும் நிழலுக்கும் சந்தைக்கும் மக்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்கள். எத்தனையோ விடுதிகளின் 'சமூகப் பட்டறை' ஆண்டுக்கு ஒருநாள் போட்டோவோடு முடிந்துவிடுவது, ஊருக்கு அங்கே வர வேறு காரியம் எதுவும் இல்லாததால்தான்.

குறை என்ன?

பணம். இந்த விடுதியைத் தாங்கி நிற்பது அறக்கட்டளையின் நிதி. சந்தையும் காய்கறியும் ஊருக்கு வருமானம் தரலாம். விருந்தினருக்கான செலவை ஈடுகட்ட அவை போதாது. தண்ணீரிலும் ஒரு வரம்பு உண்டு: புல்லில் வழிந்த நீர் நிறம் மாறும்; குடிப்பதற்கு வடிகட்டிச் சுத்திகரிக்க வேண்டும். கழுவவும் பயிருக்கும் அப்படியே பயன்படும்.

ஆனாலும் வேலை அங்கேயே நின்றுவிடவில்லை. செனகலிலேயே ஃபாஸ் என்ற ஊரில் 2019-இல் திறக்கப்பட்ட பள்ளியையும் மோரியே மண் கல்லும் புல் கூரையுமாக வடிவமைத்தார். தம்பாகுண்டா அரசு மருத்துவமனையில் மகப்பேறு, குழந்தைகள் பிரிவுக்கு அதே அறக்கட்டளையின் ஆதரவில் கட்டடக் கலைஞர் மனுவேல் ஹெர்ஸ் புதிய கட்டடம் எழுப்பினார்.

வேறெங்காவது இப்படியொரு விடுதி கட்ட நினைப்பவர்கள் மூங்கிலையும் புல்லையும் அப்படியே நகலெடுக்கத் தேவையில்லை. நம் மண்ணில் எது மலிவு, எதைச் செய்ய ஊரில் ஆள் இருக்கிறது என்று பார்த்தால் போதும். வரைபடம் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கலைஞர்கள் யாரும் தங்காத மாதத்தில் இந்தக் கட்டடம் யாருக்குப் பயன்படும்? அதற்குப் பதில் கிடைத்த பிறகு கலைஞர் அறை எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்துகொள்ளலாம்.