ஒரு சட்டப் பிரிவின் வரலாறு: உரிமைகளும் பொது நிறுவனங்களும் பற்றிய மாணவர் ஆய்வுக்கு ஒரு நோக்கு

மனித உரிமைகள் என்னும் பொருள் அரசறிவியல், சட்டம், சமூகவியல், வரலாறு ஆகிய துறைகளைச் சார்ந்த மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளிலே தொடர்ந்து இடம்பெற்று வருகின்றது. இது வரவேற்கத்தக்கது. எனினும், இக்கட்டுரைகளை நோக்குமிடத்து அவை பெரும்பாலும் இரு வகையினவாக அமைந்திருத்தலைக் காணலாம். சர்வதேச சாசனங்களின் வாசகங்களை எடுத்து விளக்குவன ஒரு வகை. நிகழ்ந்த மீறல்களை நிரற்படுத்திக் கூறுவன மற்றொரு வகை. முதலாவது வகையிற் சட்டம் உண்டு, சமூகம் இல்லை. இரண்டாவது வகையில் துயரம் உண்டு, அத்துயர் எவ்வழியால் விளைந்தது என்னும் விளக்கம் இல்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவை பொது நிறுவனங்களாகும். பொலிஸ் நிலையம், நீதிமன்றம், சிறைச்சாலை, பாராளுமன்றம், ஆணைக்குழு ஆகியவற்றின் அன்றாட நடைமுறைகளின் வழியாகவே ஓர் உரிமை மனிதனைச் சென்றடைகின்றது. அல்லது அவனுக்கு மறுக்கப்படுகின்றது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் ஒரேயொரு விதியை எடுத்துக்கொண்டு, அது எப்போது, எவரால், எவருக்கு எதிராக மாற்றப்பட்டது என்று தொடர்ந்து சென்று நோக்குவது மாணவ ஆய்வாளருக்கு மிகவும் பயன்தரும் வழி என்பது எமது கருத்து. இதனை விளக்கும் பொருட்டு, பொலிசாரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய விதியை இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

விதியின் தோற்றம்

இவ்விதியின் வரலாறு தமிழ் மக்கள் வாழும் மண்ணிலேயே தொடங்குகின்றது. பிரித்தானியக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சிக்குட்பட்டிருந்த சென்னை மாகாணத்தில் நிலவரி அறவிடுவதற்காக உழவர்கள் சித்திரவதைக்கு ஆளாக்கப்படுவது பற்றிய முறைப்பாடுகள் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை சென்றன. அவற்றை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1855ஆம் ஆண்டில் தனது அறிக்கையை வெளியிட்டது. விரல்களை நெரிக்கும் கிட்டி முதலான முறைகள் வரி அறவிடுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் கையாளப்பட்டமையை அவ்வறிக்கை ஏற்றுக்கொண்டது. வரி அறவிடும் கடமையும் பொலிஸ் கடமையும் அன்று ஒரே கைகளில் இருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. உழவனிடமிருந்து பணத்தைப் பெறுவதற்குப் பயன்பட்ட கருவியே சந்தேக நபரிடமிருந்து 'உண்மை'யைப் பெறுவதற்கும் பயன்பட்டது. 1857ஆம் ஆண்டில் கார்ல் மார்க்ஸ் நியூயோர்க் நாளேடொன்றில் இந்தியச் சித்திரவதை பற்றி எழுதியபோது, அரசாங்கத்தின் இத்தகைய ஆவணங்களையே ஆதாரமாகக் கொண்டார்.

பொலிசார் மீது எழுந்த இவ்வாறான குற்றச்சாட்டுக்களின் பின்னணியிலேயே, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபித்தல் ஆகாது என்னும் விதி 1861ஆம் ஆண்டின் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. பின்னர் அது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்திற் புகுந்தது. அச்சட்டத்தைப் பின்பற்றி இலங்கையில் இயற்றப்பட்ட 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவாக அமைந்தது. பொலிஸ் காவலில் உள்ளவர் ஒருவர் அளிக்கும் ஒப்புதல், நீதவான் முன்னிலையில் அளிக்கப்பட்டாலன்றிச் செல்லாது என 26ஆம் பிரிவு கூறிற்று.

குடியேற்ற ஆட்சியின் கருணையால் விளைந்த விதியாக இதனைக் கருதுதல் பொருந்தாது. தனது கீழ்நிலை உத்தியோகத்தர்களை அந்த ஆட்சியே நம்பவில்லை என்பதை இவ்விதி உணர்த்துகின்றது. ஆயினும், பிறந்த காரணம் எதுவாயினும், காவலறையில் தனித்திருக்கும் மனிதனுக்கு இது ஒரு பாதுகாப்பாக நிலைபெற்றது.

விதிவிலக்கின் வளர்ச்சி

இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரும் 25ஆம், 26ஆம் பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் மாறாது இருந்தன. அவற்றைச் சுற்றி விதிவிலக்குகள் வளர்ந்தன. அவ்விதிவிலக்குகளைக் காலமுறைப்படி வைத்து நோக்குமிடத்தே அவற்றின் சமூகப் பொருள் விளங்கும்.

முதலாவதாகக் குறிப்பிடத்தக்கது 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். அவ்வாண்டின் பொது வேலைநிறுத்த அலையின் மத்தியில், சுதந்திரத்திற்குச் சில மாதங்களுக்கு முன்னர், இச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. சாதாரண சட்டங்களை மேவி நிற்கும் அவசரகால ஒழுங்குவிதிகளை ஆக்குவதற்கு அது வழிசெய்தது. தொழிலாளர் இயக்கத்தை முன்னிட்டு ஆக்கப்பட்ட சட்டம் பின்வந்த ஒவ்வோர் அரசாங்கத்துக்கும் கைக்கருவியாயிற்று.

இரண்டாவது கட்டம் 1971ஆம் ஆண்டின் ஏப்பிரல் கிளர்ச்சியை அடுத்து வருவது. கிளர்ச்சியிற் பங்குகொண்டோர் பெரும்பாலும் சிங்களக் கிராமப்புற இளைஞர்கள். அவர்களை விசாரிப்பதற்கென 1972ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டது. வழமையான சான்று விதிகள் இவ்வாணைக்குழுக்களைக் கட்டுப்படுத்தவில்லை. பொலிசாரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல்களும் ஏற்கப்பட்டன. இச்சட்டத்தைக் கொண்டுவந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாக இருந்தன என்பதை முற்போக்கு எண்ணம் கொண்டோர் மறத்தலாகாது.

1977ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் அச்சட்டத்தை நீக்கிற்று. அதன்கீழ்த் தண்டிக்கப்பட்டிருந்தோரை விடுவித்தது. ஆனால், இரண்டே ஆண்டுகளின் பின்னர் அதே அரசாங்கம் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் வாக்குமூலம் சான்றாக ஏற்கத்தக்கதாயிற்று. அது அச்சுறுத்தலாற் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே சுமத்தப்பட்டது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம், 26ஆம் பிரிவுகள் இத்தகைய வழக்குகளுக்குப் பொருந்தா என 17ஆம் பிரிவு கூறிற்று. மூன்றாண்டுகளுக்கு மட்டும் எனக் கொண்டுவரப்பட்ட இச்சட்டம் 1982ஆம் ஆண்டில் நிரந்தரமாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையைப் பதினெட்டு மாதங்களிலிருந்து பன்னிரண்டு மாதங்களாகக் குறைத்ததேயன்றி, 16ஆம் பிரிவைத் தொடவில்லை.

1972இற் சிங்கள இளைஞருக்கு எதிராகக் கையாளப்பட்ட முறையே 1979இல் தமிழ் இளைஞருக்கு எதிராகப் புதிய வடிவிற் திரும்பிற்று. இரு பக்கத்து இளைஞர் வரலாறும் இரு வேறு நூல்களில் எழுதப்படுவதனால் இத்தொடர்பு எமது கண்களுக்குத் தப்பிவிடுகின்றது. மீறல்களை இனவாரியாக நிரற்படுத்தும் ஆய்வு இதனைக் காணாது. விதியைப் பின்தொடரும் ஆய்வு இதனைத் தவறவிடாது.

ஒரு வழக்கு

இவ்விதி நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதை அறிவதற்குச் சிங்கராசா வழக்கு உதவும். 1993ஆம் ஆண்டிற் கைதான தமிழர் ஒருவர், 1995இற் கொழும்பு மேல் நீதிமன்றத்தினால் ஐம்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டார். அவருக்கெதிரான சான்று ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றேயாகும். அவர் அறிந்த மொழி தமிழ். வாக்குமூலமோ சிங்களத்தில் அமைந்திருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். வாக்குமூலத்தில் இடப்பட்டது பெருவிரல் அடையாளம். மேன்முறையீட்டில் தண்டனை முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது, தீர்ப்பு நிலைத்தது.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004ஆம் ஆண்டில் இவ்வழக்கை ஆராய்ந்து, நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதெனக் கண்டது. வாக்குமூலம் சுயவிருப்பின்றிப் பெறப்பட்டது என நிரூபிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது சுமத்தியதையும் அது தவறெனக் கூறிற்று. எனினும், 2006ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. தனிநபர்கள் அக்குழுவிடம் முறையிட வழிசெய்யும் துணை உடன்பாட்டில் 1997ஆம் ஆண்டில் இலங்கை சேர்ந்தமை அரசியலமைப்புக்கு முரணானது என அது தீர்த்தது.

இங்கு மொழிப் பிரச்சினை, சான்று விதி, நீதித்துறையின் நிலைப்பாடு, சர்வதேசக் கடப்பாடு ஆகிய நான்கும் ஒரு மனிதனின் பெருவிரல் அடையாளத்தில் வந்து கூடுகின்றன. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் பற்றிய விவாதம் உத்தியோக வாய்ப்புடன் முடிந்துவிடுவதன்று என்பதையும் இவ்வழக்கு உணர்த்துகின்றது. தனக்கெதிரான ஆவணத்தை வாசிக்க இயலாதவனிடம், அது பொய்யென நிரூபிக்கும் கடமையைச் சட்டம் ஒப்படைத்தது.

அரசுக்கு அப்பாலும்

இவ்விடத்திற் பிறிதொரு உண்மையையும் நேர்மையுடன் எதிர்கொள்ளுதல் வேண்டும். பலாத்காரமாகப் பெறப்பட்ட ஒப்புதலைச் சான்றெனக் கொண்டோர் அரச படையினர் மட்டுமல்லர். 1980களில் யாழ்ப்பாணத்தில் மின்கம்பங்களிற் கட்டிச் சுடப்பட்டோர் மீது சாட்டப்பட்ட குற்றங்கள் எந்தச் சான்று விதிக்கும் உட்படவில்லை. தமிழ் இயக்கங்களின் முகாம்களிலும் ஒப்புதல்கள் பெறப்பட்டன. அவற்றின் மீது தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. ஒடுக்கப்பட்ட மக்களின் பெயராற் செய்யப்பட்டமையால் அம்முறை வேறொன்றாகி விடுவதில்லை.

1988ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு, இலங்கை அரசு, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய அனைத்துத் தரப்பினரின் செயல்களையும் ஒரே அளவுகோல் கொண்டு பதிவுசெய்ய முயன்றது. அவ்வமைப்பின் நிறுவுநர்களுள் ஒருவரும் மருத்துவபீட விரிவுரையாளருமான ராஜினி திரணகம 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் ஏனைய மூவரும் எழுதிய முறிந்த பனை என்னும் நூல் அதனையடுத்து வெளிவந்தது. பல்கலைக்கழக ஆய்வு சமூகத்திற்கு எதைக் கொடுக்க முடியும், அதற்காக எதைக் கொடுக்க நேரலாம் என்பதற்கு இது சான்றாகும்.

மாணவ ஆய்வாளர் செய்யத்தக்கன

இத்தகைய ஆய்வுக்குப் பெரும் நிதியோ வெளிநாட்டு உதவியோ தேவையில்லை. வேண்டிய மூலங்களிற் பெரும்பகுதி பொது உடைமையாகும். சட்டமூலம் விவாதிக்கப்பட்ட நாளின் ஹன்சார்ட், வர்த்தமானியில் வெளியான அவசரகால ஒழுங்குவிதிகள், சட்ட அறிக்கைகளில் வந்த தீர்ப்புகள், பாராளுமன்றத் தொடர் வெளியீடுகளாக வந்த ஆணைக்குழு அறிக்கைகள் ஆகியன முதற்கண் வாசிக்கப்பட வேண்டும். சட்டம் என்ன கூறுகின்றது என்பதுடன், அதனைக் கொண்டுவந்தோர் அன்று என்ன காரணம் கூறினர், எதிர்த்தோர் எதைக் கண்டு அஞ்சினர் என்பனவும் அவற்றிற் கிடைக்கும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாணவர் கையில் மற்றொரு வழியை வைத்துள்ளது. உதாரணமாக, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நிகழும் கைது பற்றி நாற்பத்தெட்டு மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தல் வேண்டுமென 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகின்றது. குறித்த ஓராண்டிற் செய்யப்பட்ட கைதுகள் எத்தனை, கிடைத்த அறிவித்தல்கள் எத்தனை என இரு நிறுவனங்களிடம் ஒரே வினாவை எழுதிக் கேட்கலாம். இரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே ஒரு கண்டுபிடிப்பாகும். தேசிய பாதுகாப்பைக் காரணங்காட்டி விடை மறுக்கப்படலாம். அப்போது மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதமும் அந்நிறுவனத்தைப் பற்றிய ஆவணமாக ஆய்விற் சேரும்.

ஆவணங்கள் கூறாதவற்றை மனிதர் கூறுவர். ஆனால், பாதிக்கப்பட்டோரின் வாய்மொழியைப் பெறுவதில் மிகுந்த பொறுப்பு வேண்டும். காணாமற்போனோரின் தாய்மார் 1994ஆம் ஆண்டில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுக்கள் முன்னும், 2010ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னும், அதன் பின் வந்தவற்றின் முன்னும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கூறியுள்ளனர். ஏற்கனவே பதிவானதை வாசியாமல், பட்டம் பெறும் பொருட்டு அவர்களை மீண்டும் கூறச் செய்வது நியாயமன்று. பெயரையும் ஊரையும் மறைத்தல், எக்காரணம் கொண்டும் வற்புறுத்தாதிருத்தல், கூறியதை அவர்களது மொழியில் வாசித்துக் காட்டி இசைவு பெறுதல் ஆகியன கட்டாயமானவை. காவலறையில் மறுக்கப்பட்ட இந்த மரியாதையையேனும் ஆய்வாளன் அவர்களுக்கு அளித்தல் வேண்டும்.

இறுதியாக, ஆய்வு எம்மொழியில் எழுதப்படுகின்றது என்பதும் கவனத்திற்குரியது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றின் உள்ளடக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கி எழுதுவது இரண்டாந்தரப் பணியென எண்ணப்படுகின்றது. எமது நோக்கில் அதுவே முதற்பணியாகும். 1972ஆம் ஆண்டின் ஆணைக்குழுக்களையும் 1979ஆம் ஆண்டின் சட்டத்தையும் பக்கம் பக்கமாக வைத்துத் தமிழ் மாணவர் ஒருவரும் சிங்கள மாணவர் ஒருவரும் இணைந்து வாசிப்பாராயின், தனித்தனியே கூறப்பட்டுவந்த இரு வரலாறுகளின் பொதுப் பகுதி தெளிவுறும். அத்தகைய கூட்டு ஆய்வுகளுக்கு ஆசிரியர்கள் வழிகாட்டுதலும், தமிழ்ச் சங்கங்களும் சிங்களச் சங்கங்களும் தம் ஏடுகளில் அவற்றை இரு மொழிகளிலும் வெளியிடுதலும் இன்று செய்யக்கூடிய காரியங்களே.