பங்கு இல்லத்தின் கூரையை யார் பார்ப்பது?

கோவிலுக்கு வண்ணம் பூச வேண்டுமென்றால் திருவிழாவுக்கு முன்பே நன்கொடையாளர் கிடைத்துவிடுவார். பின்னால் இருக்கும் பங்கு இல்லத்தின் கூரை ஒழுகுவதோ பங்குத்தந்தைக்கும் சமையல்காரருக்கும் மட்டுமே தெரியும். தறி ஓட்டிப் பிழைக்கும் மக்களிடம் தம் அறைக்காகப் பணம் கேட்க அவருக்கு மனம் வராது. ஒழுகும் இடத்தில் வாளியை வைத்து, மாற்றல் வரும்வரை சமாளிப்பார். அடுத்து வருபவருக்கு அந்த வாளியும் சேர்ந்தே கிடைக்கும்.

இது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியம் அல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 533ஆம் எண், பங்குத்தந்தை கோவிலுக்கு அருகிலுள்ள பங்கு இல்லத்தில் தங்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அந்த இல்லம் அக்கறையோடு பேணப்படுகிறதா என்று கவனிப்பது மறைவட்ட முதல்வரின் பொறுப்பு என்கிறது 555ஆம் எண். ஆயர் வகுத்தபடி அவர் பங்குகளைச் சென்று பார்க்கவும் வேண்டும். பதிவேடுகள் சரிவரக் காக்கப்படுவதைக் கவனிப்பதும் அதே எண்ணில் வருகிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் பெரும்பாலும் பங்கு இல்லத்து அலமாரியில்தானே இருக்கின்றன!

எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று இச்சட்டம் சொல்லவில்லை. இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சபையில் இதற்குத் தெளிவான விதி உண்டு. அங்கே பழைய முறைப்படி, பணியிடம் விட்டுப் போகும் குருவோ, அவர் இறந்தால் குடும்பத்தாரோ வீட்டின் பழுதுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கைம்பெண்கள் கடனில் விழவும் இது வழி செய்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையை மறைமாவட்ட வாரியத்திடம் மாற்றியது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது மறைமாவட்டக் கட்டட ஆய்வாளர் வீட்டைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். குரு கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் நமக்குப் பிடித்தது.

சேலம் மறைமாவட்ட எல்லைக்குள், காவிரிக் கரையில், பவானிக்கு எதிரே இருக்கிறது குமாரபாளையம். மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் பெருகிய 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் இங்கே கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. இப்படிப்பட்ட ஊரில் வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் ஈரம் நிற்கும். அந்தச் சுவருக்குள் ஓடும் பழைய மின்கம்பிதான் உண்மையான ஆபத்து. நில இணைப்பைச் சோதிக்க ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் போதும். காங்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். அதுவே மேல்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். அதற்கு மேல் சுண்ணாம்பு அடிப்பது நோயை மூடி வைப்பதுதான். மாடியில் நீர் போகும் துளையில் அடைத்த இலைகளை ஐப்பசி மழைக்கு முன் எடுத்துவிட்டாலே பாதி ஒழுகல் நிற்கும்.

பார்த்ததை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, நிதிக்குழுவிடம் கொடுக்க வேண்டும். இதற்கு மிகப் பொருத்தமான நாள் பொறுப்பு ஒப்படைக்கும் நாள் என்பது நம் கருத்து. சாவிக்கொத்தை மட்டும் மாற்றிக்கொள்ளாமல், போகிறவரும் வருகிறவரும் நிதிக்குழு உறுப்பினர் ஒருவரும் கொத்தனாரோடு வீட்டைச் சுற்றி வரலாம். அன்று ஏணியையும் தயாராக வைத்திருங்கள்.