இந்தியாவுக்கு ஒரு பயணத் திட்டம்

டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து வரலாம் என்று எங்கள் வீட்டில் முடிவானதும், திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. உயர்தரத்தில் புவியியல் படிப்பவள் நான் ஒருத்திதானே! மாளிகாவத்தைத் தொடர்மாடியில் எங்கள் வீட்டு மண்டபத்தில் அட்லஸை விரித்து வைத்து, ஒவ்வொருவரும் போக ஆசைப்படும் இடங்களைக் கேட்டு எழுதினேன். வாப்பாவுக்கு டெல்லி, ஆக்ரா, அஜ்மீர். உம்மாவுக்குச் சென்னை தி. நகரின் புடைவைக் கடைகள். தம்பிக்கு மும்பாயின் வான்கடே மைதானம். கெத்தாராமை மைதானத்தின் ஆரவாரம் ஜன்னல் வழியாகக் கேட்க வளர்ந்தவன் அவன். வாப்பும்மா மட்டும், "எனக்கு அவ்வளவு தூரமெல்லாம் ஏலா மகள். நாகூர் போதும்" என்றார்.

அட்லஸில் இலங்கைக்கும் ஒரு பக்கம், இந்தியாவுக்கும் ஒரு பக்கம். நான் ஏமாந்தது அங்கேதான். நம் நாட்டின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். இந்தியாவினுடையது ஏறக்குறைய 32 இலட்சத்து 87 ஆயிரம். அதாவது ஐம்பது இலங்கை! வடக்கிலிருந்து தெற்கே 3,214 கிலோமீற்றர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போக 'தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்' ரயிலுக்கே சுமார் 33 மணித்தியாலம் வேண்டும். சென்னை, டெல்லி, ஆக்ரா, அஜ்மீர், மும்பாய், திரும்பவும் சென்னை என்று நான் பெருமையோடு வரைந்த வட்டத்தின் ரயில் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். பத்து நாளில் மூன்றரை நாள் ரயிலுக்குள்ளேயே போய்விடுகிறது. விமானத்தில் போகலாம்தான். ஆனால் எங்களிடம் இருந்தது உம்மாவின் சீட்டுக் காசு. பயணிகளோ ஐந்து பேர்.

அடுத்தது காலநிலை. டிசம்பர் இரவில் டெல்லியின் வெப்பநிலை எட்டுப் பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடும். மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதிக்கும். அதே நாட்களில் தமிழ்நாட்டுக் கரையோரத்தில் வடகீழ்ப் பருவமழை. ஒரே பெட்டியில் கம்பளிச் சட்டையும் குடையும் வைக்க வேண்டும். ஆகவே "டிசம்பரில் இந்தியா எப்படி இருக்கும்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள், எந்த ஊர் என்று சொல்லிக் கேளுங்கள். இத்தனை பெரிய நாட்டுக்கு ஒரே கடிகார நேரம் என்பதும் வேடிக்கைதான். கிழக்கு எல்லையில் சூரியன் உதித்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் மேற்கு எல்லையில் உதிக்கிறது. நமக்கு ஒரு வசதி, அந்த நேரமும் நம் நேரமும் ஒன்று.

சின்னச் சின்ன விடயங்களும் உண்டு. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளருக்கு மூடப்பட்டிருக்கும். ரயில் ஆசனப் பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வாப்பும்மாவிடம் கடவுச்சீட்டே இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். அதைச் சரிப்படுத்தவே மாதக்கணக்காகும் என்றார் வாப்பா. "அப்போ நீங்க போய்ட்டு வாங்க" என்று வாப்பும்மா எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு அவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஏன் நாகூர் என்று கேட்டேன். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருடைய வாப்பா நாகூர் கந்தூரிக்குப் போனாராம். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு மறுபடியும் ரயில். 1914இல் தொடங்கிய வழி அது. 'அடுத்த முறை உன்னையும் கூட்டிப் போறேன்' என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. பின்பு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. யுத்தத்தோடு அதுவும் நின்றது. அந்த அடுத்த முறை வரவேயில்லை.

மறுநாள் கொப்பியில் புதிய பக்கம் திருப்பினேன். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. தூரம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர்; சுமார் நான்கு மணித்தியாலப் பயணம். நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் ஓட்டோவில் போகும் தூரம். ஆனால் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் சேவையை நிறுத்திவிடுவார்கள். டிசம்பரை நம்ப முடியாது. ஏப்ரலில் கடல் அமைதி, நமக்கும் விடுமுறை. கடவுச்சீட்டுக்கும் அவகாசம் கிடைக்கும்.

டெல்லியையும் மும்பாயையும் வெட்டினேன். நாகூர், தஞ்சாவூர், திருச்சியில் நத்ஹர் வலி தர்கா. திரும்பி வர, திருச்சியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொழும்பு வந்துவிடும் விமானம். வாப்பா நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அஜ்மீர் பிறகு பார்ப்போம்" என்றார். உம்மாவிடம் திருச்சியிலும் புடைவைக் கடை இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை.

நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த பெரிய மினாராவின் உயரம் 131 அடி. இதை வாசித்துக் காட்டியதும், "கப்பலிலிருந்தே தெரியுமா மகள்?" என்று வாப்பும்மா கேட்டார். 131 அடி ஏறக்குறைய 40 மீற்றர். பூமியின் வளைவைக் கணக்கிட்டால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் இருபது கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் அதன் உச்சி அடிவானத்துக்கு மேலே நிற்கும். தெரியும் என்றேன். எடுத்துச் செல்லும் பொருட்களின் பட்டியலில் முதலாவதாக, வாப்பும்மாவுக்குப் புதிய மூக்குக்கண்ணாடி என்று எழுதிக்கொண்டேன்.