படகுத் துறையும் பங்கு மூலதனமும்

கொட்டாரம் வழியே கன்னியாகுமரிக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டம் பெருகும் மாதங்களில், நம் வட்டாரச் சங்கங்களின் பொதுச்சபைகளில் ஒரு யோசனை தலைகாட்டுவது வழக்கம். படகுத் துறையில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றனரே, நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் கூடி ஒரு படகு வாங்கி ஓட்டினால் என்ன என்பதே அந்த யோசனை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் அங்கத்தினர்களின் சேம நிதியைக் கடலில் இறக்குமுன், நீர்வழிப் பயணிகள் போக்குவரத்து எங்கு நிலைத்தது, எங்கு முறிந்தது என்பதைக் கணக்குப் புத்தகத்தின் கண்கொண்டு நோக்குவது நம் கடமையாகும்.

முதலில் நம் வாசலிலுள்ள துறையையே எடுத்துக்கொள்வோம். விவேகானந்தர் நினைவு மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. 1984 முதல் அங்குப் படகு விடும் பொறுப்பை அரசு நிறுவனமாகிய பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஏற்று நடத்தி வருகிறது. 2000-ஆம் ஆண்டு பிறந்த அன்று வள்ளுவர் சிலை திறக்கப்பட்டபின் அப்பாறைக்கும் படகு செல்லலாயிற்று. ஆனால் சிலைப் பாறையையடுத்த கடல் பாறைகள் நிறைந்தது. நீர்மட்டம் தாழும் நாட்களில் படகை அணைக்க இயலாது. அதன் பொருட்டே மண்டபத்துக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் 37 கோடி ரூபாய்ச் செலவில் அமைக்கப்பட்டு, 2024 டிசம்பர் 30-ஆம் நாள் திறக்கப்பட்டது. கரையிலிருந்து முதற் பாறைக்குச் செல்ல இன்றும் படகே கதி. காற்று வலுத்தாலோ, கடல் உள்வாங்கினாலோ அப்படகும் நின்றுவிடும். அந்நாட்களில் கடைத்தெருவில் நம் கைத்தறித் துண்டும் வாழைப்பழமும் விலைபோவது குறைகிறது என்பதை அங்கத்தினர் அறிவர்.

இக்கழகத்தின் முதன்மைத் தொழில் அனல் மின் நிலையங்களுக்கு வேண்டிய நிலக்கரியைக் கப்பலில் கொணர்வதாகும் என்பதைப் பலர் அறியார். படகுத் துறை அதன் தொழில்களுள் ஒன்று மட்டுமே. ஆகவே படகு ஓடாத நாளின் நட்டத்தைத் தாங்க அதற்கு அகன்ற தோள் உண்டு. கையளவு மூலதனமுள்ள சங்கத்துக்கு அத்தகைய தோள் ஏது?

இங்குப் படகுத் தொழிலின் இயல்பைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தறி ஒருநாள் ஓடாதிருந்தால் கூலி இல்லை. ஆனால் நூல் நூலாகவே இருக்கும். படகு துறையில் கட்டிக் கிடந்தாலும் மாலுமிக்குச் சம்பளம் உண்டு. காப்புறுதித் தவணை உண்டு. உப்புநீர் அடிப்பாகத்தை அரித்துக்கொண்டேயிருக்கும். ஆண்டுதோறும் கன்னியாகுமரிப் படகுகளைச் சின்னமுட்டம் துறைமுகத்தில் கரையேற்றி, சிப்பியும் பாசியும் சுரண்டி, பழுது நீக்கி, வண்ணம் பூசி மீண்டும் கடலில் விடுகின்றனர். அந்நாட்களில் அப்படகால் ஒரு காசு வரவில்லை. செலவோ ஆண்டிலேயே அதிகம். நூற்றைம்பது பேர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் டீசல் செலவு பெரிதும் மாறுவதில்லை. இன்னொன்றும் உண்டு. இன்று விற்காத வாழைத்தாரை நாளை பாதி விலைக்கேனும் தள்ளிவிடலாம். பத்து மணிக்குக் காலியாகச் சென்ற ஆசனத்தைப் பதினோரு மணிக்கு எவரிடம் விற்பது?

இவ்வியல்பை உணராது எழுந்த முயற்சிகள் பல. நம் மக்களின் உள்ளத்தில் என்றும் நிற்கும் சுதேசிக் கப்பல் கம்பெனியையே நோக்குக. வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ல் அதனைப் பதிவு செய்தார்கள். மூலதனம் பத்து லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கினார். (தரும சங்க நெசவுச் சாலை நிறுவியவரும் வ. உ. சி. அவர்களே என்பது நெசவாள அன்பர்களுக்கு மகிழ்வூட்டும்.) தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடியது. உடனே ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கிற்று. பின்னர் எதிரிகள் இலவசமாக ஏற்றிக்கொண்டதோடு குடை ஒன்றும் இனாமாகத் தருவதாகக் கூறினர். 1908-ல் வ. உ. சி. சிறைப்பட்டார், 1911-ல் கம்பெனி கலைந்தது. அடக்குமுறையே முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரே தடத்தை நம்பிய நிறுவனம் கட்டணப் போரில் எவ்வளவு எளிதில் குருதி சிந்தும் என்பதும் அவ்வரலாற்றில் உண்டு.

அதே தடத்தில் 2011 ஜூனில் ஆயிரம் பேருக்கு மேல் ஏறத்தக்க ஒரு பெருங்கப்பல் விடப்பட்டது. போதிய பயணிகள் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே அது நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிய ‘செரியாபாணி’யின் கதையும் ஏறத்தாழ அதுவே. வடகிழக்குப் பருவமழை கதவைத் தட்டும் மாதத்தில் ஏன் தொடங்கினார்களோ, நாமறியோம். சில நாட்களில் சேவை நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் மீண்டும் புறப்பட்டதெனில், அதன் பின்னே இந்திய அரசின் நிதியுதவியும் இருந்தது.

இவையெல்லாம் கம்பெனிகளும் அரசும் நடத்தியவை. கூட்டுறவு முறையில் படகு ஓடியதே இல்லையா என்று வினவலாம். ஓடியதுண்டு. ஹௌரா நகரில் ஹூக்ளி நதி நீர்வழிப் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக ஹௌராவுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே பயணிகளை ஏற்றி வந்தது. ரயிலை விட்டிறங்கும் அலுவலர் கூட்டம் பாலத்து நெரிசலைத் தவிர்க்கப் படகையே நாடிற்று. இந்நாட்டில் இதைவிட நிலையான பயணிக் கூட்டம் ஒரு படகுச் சங்கத்துக்கு வாய்ப்பது அரிது. ஆயினும் கலங்கள் மூப்படைந்தன, பழுதுபார்க்கப் பணமில்லை, தகுதிச் சான்று இல்லாக் கலங்கள் கரையில் நின்றன, தொழிலாளரின் ஊதியம் பாக்கி விழுந்தது. 2024 மார்ச்சில் ஆற்றின் அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் பயணிகள் பலர் அதற்கு மாறினர். கூட்டம் நிறைந்த ஆண்டுகளிலேயே தேய்மான நிதி தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்பதே ஆய்வாளர் என்ற முறையில் நாம் இதிலிருந்து கொள்ளும் முடிவு. தேய்மானத்தை ஐந்தொகையில் எழுதிவிட்டு, அப்பணத்தைக் கைச்செலவில் கரைக்கும் பழக்கம் தறிக்கூடங்களிலும் உண்டு.

நம் மாவட்டத்து அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும் நினைவுக்கு வருகிறது. திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு இணைக்க 1860-ல் வெட்டத் தொடங்கி, முழுமை பெறாமல், தூர்ந்து கிடக்கிறது. தூர் வாரும் செலவை எவரும் ஏற்காவிடில் நீர்வழி இல்லை.

நம்பிக்கைக்கு இடமான ஒரு முயற்சியும் உண்டு. பழைய திருவிதாங்கூர்ச் சீமையிலேயே, வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே, 75 பேர் அமரத்தக்க ‘ஆதித்யா’ என்னும் சூரியசக்திப் படகை 2017 ஜனவரி முதல் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டி வருகிறது. வாங்கும்போது விலை அதிகம். ஆனால் நாள்தோறும் எரியும் டீசல் இல்லை. புகையும் இரைச்சலும் இல்லை. காயல் நீர் அமைதியானது, நம் குமரிக் கடலோ முக்கடல் அலைகள் மோதுமிடம் என்பதை மறக்கலாகாது. வைக்கத்துப் படகை அப்படியே இங்கு இறக்க முடியாது.

எனவே அடுத்த பொதுச்சபையில் இந்த யோசனை மீண்டும் எழுமாயின், படகின் விலையை மட்டும் கேட்டு அமைய வேண்டாம். ஆண்டில் எத்தனை நாள் படகு ஓடாது, அந்நாட்களின் சம்பளம் எக்கணக்கில் பற்று வைக்கப்படும், பத்தாண்டுக்குப்பின் புதுப் படகு வாங்கும் பணம் எங்கே சேரும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் தீர்மானத்தைக் கொணர்பவர் எழுத்தில் விடை தரட்டும். படகைவிட, படகுக்கு வருவோரிடம் விற்பனை செய்யும் ஒரு கூட்டுக் கடை நமக்குக் கைகூடும் காரியம் என்பது நம் எண்ணம். அலை எழும் நாளில் அக்கடையைப் பூட்டி வைத்தால் துணி அரிக்கப்படாது. வைக்கம் சென்று பார்த்துவர விரும்பும் இயக்குநர்கள் பயணச் செலவுக்கான அனுமதியை முன்கூட்டியே தீர்மானத்தில் சேர்த்துக்கொள்வது நலம்; பின்னர்த் தணிக்கையில் தடை எழுப்புவது நமக்கும் உவப்பான வேலையன்று.