மூங்கிலுக்குள் ஒரு குளிர்நாட்டுப் பழக்கம்

நீலாயில் பகல் எத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்று ஓராண்டு முழுவதும் குறித்து வைத்துப் பாருங்கள். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 20 நிமிடம்தான். நாம் பூமத்திய ரேகைக்கு அவ்வளவு அருகில் இருக்கிறோம். லண்டனில் இதே வேறுபாடு கிட்டத்தட்ட 9 மணி நேரம்.

குளிர்நாட்டு விலங்குகளுக்கு இந்த வேறுபாடுதான் நாள்காட்டி. மூளையில் உள்ள பீனியல் சுரப்பி இருட்டு நேரத்தில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரமும் நீளும். மூளை அதைக் கொண்டு இது என்ன பருவம் என்று அறிந்துகொள்கிறது. பிறகு ஹைப்போதலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு அனுப்புகிறது; பிட்யூட்டரி விந்தகத்துக்கும் சூலகத்துக்கும் உத்தரவு அனுப்புகிறது. தோட்டத்தில் மானேஜர் கிராணிக்குச் சொல்ல, கிராணி கங்காணிக்குச் சொன்னது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து சொல் வராவிட்டால் கீழே வேலை நின்றுவிடும். விந்தகம் சுருங்கி, டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும்.

குளிர்கால உறக்கம் கொள்ளும் விலங்குக்கு இந்த நிறுத்தம் மிக அவசியம். அலாஸ்காவில் வாழும் ஆர்க்டிக் தரை அணிலின் உடல் வெப்பம், உறக்கத்தின்போது உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 2.9 பாகை செல்சியஸ் வரை இறங்குகிறது. அந்தக் குளிரில் செல்கள் பிரிந்து பெருக முடியாது, விந்தணு உருவாகாது. மறுபக்கத்தையும் பாருங்கள். துருக்கி வெள்ளெலிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது அவை குளிர்கால உறக்கத்துக்குள் போகவில்லை. உறக்கமும் இனப்பெருக்கமும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நடக்க முடியாதவை.

அப்படியானால் மண்ணுக்கடியில், வெளிச்சமே படாத வளையில் கிடக்கும் அணிலுக்கு வசந்தம் வந்தது எப்படித் தெரியும்? உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. 1960களில் பெங்கலி, ஃபிஷர் என்ற ஆய்வாளர்கள் தரை அணில்களை மாறாத வெப்பத்திலும் மாறாத ஒளியிலும் வைத்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்து எந்தக் குறிப்பும் கிடைக்காமலேயே அவை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை கொழுத்தன, உறங்கின, விழித்தன.

இந்தக் கடிகாரம் இப்போது சிக்கலில் மாட்டியிருக்கிறது. ஆர்க்டிக் அணில்களில் ஆண்தான் முதலில் விழிக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஏறி, விந்தகம் வளர்ந்து தயாராக வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வளைக்குள்ளேயே சேமித்து வைத்ததைத் தின்றுகொண்டு காத்திருக்கும். பெண் வெளியே வந்த சில நாளிலேயே இணை சேர்ந்துவிடும். அலாஸ்காவில் 25 ஆண்டுகள் திரட்டிய அளவீடுகளை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. மண் சூடேறி வருவதால், பெண் அணில்கள் முன்பைவிட ஏறத்தாழ 10 நாள் முன்னதாக வெளியே வருகின்றன. ஆண்கள் பழைய தேதியிலேயே நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. இது இப்படியே போனால், பெண் வெளியே வரும்போது ஆண் இன்னும் தயாராகாத நிலை ஏற்படலாம்.

வௌவால்கள் இந்தச் சங்கடத்திலிருந்து தப்ப வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஐரோப்பிய வௌவால்கள் பல, உறங்கப் போவதற்கு முன்பே, இலையுதிர் காலத்தில் இணை சேர்ந்துவிடுகின்றன. பெண் வௌவால் அந்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் மாதக்கணக்கில் உயிரோடு பாதுகாக்கிறது. முட்டை வசந்தத்தில்தான் வெளிவரும். கருவும் அப்போதுதான் உருவாகும்.

இனி நம் ஊருக்கு வருவோம். மெட்வே என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் சிலாங்கூரின் உலு கோம்பாக் காட்டில் மூங்கில் வௌவால்களை ஆராய்ந்து 1972இல் எழுதினார். மூங்கிலில் வண்டு போட்ட இடுக்கு வழியாகக் கணுக்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் நுழைந்து தங்கும் குட்டி வௌவால்கள் இவை. சிறிய இனத்தின் எடை 4 கிராம் அளவுதான், நம் 50 சென் நாணயத்தைவிடக் குறைவு. இடுக்கில் நுழைய வசதியாக மண்டை தட்டையாக இருக்கும். ஆண்டுக்கு ஒரே தடவை, பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். இந்தப் பெண் வௌவால்களும் விந்தணுவைச் சேமித்து வைக்கின்றன!

பனியே பார்க்காத ஒரு விலங்குக்கு இந்தப் பழக்கம் எதற்கு? குளிர்நாட்டு முன்னோரிடமிருந்து வந்த மிச்சம் என்று ஒரு கருத்து உண்டு. எனக்கு அதைவிட மற்றொரு விளக்கம் பொருத்தமாகப் படுகிறது: இணை சேரும் காலத்தையும் குட்டி பிறக்கும் காலத்தையும் தனித்தனியே பிரித்து வைக்க முடிந்தால், பூச்சிகள் நிறைய கிடைக்கும் பருவத்தில் தாய் பால் கொடுக்க முடியும். நம் நாட்டிலும் பருவம் உண்டு. அதைக் காட்டுவது மழை. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்பதையும் அப்போது பால் குறைவதையும் பற்றித் தோட்டத்தில் வேலை செய்த உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள்.

நம் மாநிலத்தில் வௌவால் என்றாலே பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த நிப்பா வைரஸின் பெயரே நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த வைரஸைச் சுமந்தவை பழம் தின்னும் பெரிய பறக்கும் நரிகள். மூங்கில் வௌவால் பூச்சி தின்னி. எதுவானாலும் வௌவாலைக் கையால் தொடாதீர்கள். மூங்கிலைப் பிளந்தும் பார்க்காதீர்கள். பழைய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் நீலாய்ப் பக்கத்தில் ஆற்றோரம் மூங்கில் புதர் எங்காவது எஞ்சியிருந்தால், பொழுது சாயும் நேரத்தில் கொஞ்சம் தள்ளி நின்று தண்டுகளின் இடுக்குகளைக் கவனியுங்கள். கட்டைவிரல் அளவில் ஏதாவது ஒன்று வெளியே நழுவிப் பறந்தால், தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.