முதலில் வீட்டை அளப்போம்

ஆரணியின் நெசவாளர் வீடுகளில் முன்கட்டின் பெரும்பகுதி தறிக்கே போய்விடும். மிச்சம் ஓர் ஒடுக்கமான நடைவழி. குழித்தறி என்றால் பக்கத்திலேயே பள்ளமும் உண்டு. இத்தகைய வீட்டுக்கு மின்சக்கர நாற்காலி வாங்குவோரிடம் விளம்பரங்கள் வேகத்தையும் ஒரே சார்ஜில் ஓடும் தூரத்தையும்தான் முன்னிறுத்துகின்றன. ஆனால் எந்த நிறுவனம் சிறந்தது என்ற கேள்விக்கு விடை வீட்டின் அளவுகளிலும், உட்காருபவரின் உடலிலும், பழுது பார்ப்பவர் இருக்கும் தூரத்திலும்தான் இருக்கிறது.

மோட்டார் நடுச்சக்கரத்தை ஓட்டினால் நாற்காலி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும்; பின்சக்கரத்தை ஓட்டினால் திரும்புவதற்குக் கூடுதல் இடம் வேண்டும். பல நாற்காலிகளின் அகலம் 60 சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் நிலைக்கதவை அளக்காமல் வாங்கக் கூடாது. வாசற்படி 15 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற பாதுகாப்பான சரிவுக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் தேவை. தெருவில் அதற்கு இடமுண்டா என்பதையும் பார்க்க வேண்டும். ஓடும் தூரம், பிரேக், கவிழாமல் நிற்கும் திறன் ஆகியவற்றைச் சோதிக்க ஐஎஸ்ஓ 7176 என்ற தரநிலை இருக்கிறது. அந்தச் சோதனை முடிவுகளை நிறுவனத்திடம் கேட்டு வாங்கினால் ஒப்பீடு நேர்மையாக அமையும்.

இந்த அளவுகோல்களோடு பார்த்தால் நிறுவனங்களின் வேறுபாடு தெளிவாகும். சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷனின் நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னால் பொருத்தும் மோட்டார் வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். கைவலிமை உள்ளவர் கடைத்தெருவுக்கும் வேலைக்கும் போய்வர அது உதவும். தறிக்கும் சுவருக்கும் நடுவே உதவாது. கை வலுவிழந்தவருக்கு ஜாய்ஸ்டிக் நாற்காலியே பொருந்தும். பெங்களூருவின் ஆஸ்ட்ரிச் மொபிலிட்டி அவ்வகையைத் தயாரிக்கிறது. சுவீடனின் பெர்மோபில் போன்ற நிறுவனங்களின் நாற்காலிகளில் இருக்கையையே பின்னால் சாய்க்கலாம்.

வெளிநாட்டு நாற்காலிதான் உழைக்கும் என்பார்கள். கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குப் படுக்கைப்புண் வராமல் காக்கச் சாயும் இருக்கை தேவைப்படலாம். அவருக்கு வெளிநாட்டு நாற்காலியின் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. மற்றவர்களுக்கோ, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பழுதாகி வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரும்வரை வீட்டில் முடங்குவதே பெரிய இழப்பு. அரசு தருவதை வாங்கிக்கொண்டால் போதாதா என்றும் கேட்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அவசியம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் இலவச நாற்காலியும் அதே நிலைக்கதவுக்குள்தான் நுழைய வேண்டும். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அத்தகைய இடத்தில் உடலுக்கேற்ற இருக்கை எது என்று கேட்டறிந்து, வீட்டு அளவுகளைக் குறித்துக்கொண்டு, அதன்பின் விலை பேசுவதே முறை.