சோபா உறைக்குச் சாயம் போடப் போகிறீர்களா?

துர்கா பூஜை நெருங்கும்போது கொல்கத்தாவில் பல வீடுகள் சுவருக்குப் புது வண்ணம் அடித்துக்கொள்ளும். சுவர் மாறியதும் பழைய சோபா உறை கண்ணை உறுத்தத் தொடங்கும். புதிதாகத் தைக்கக் கொடுத்தால் துணி ஒரு செலவு, கூலி இன்னொரு செலவு. அதைவிடச் சாயப் பொட்டலம் வாங்கி வீட்டிலேயே முக்கி எடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. செய்யலாம், தவறில்லை. ஆனால் துணி பாழாவதும், உடம்புக்குக் கேடு வருவதும், பிறகு புகார் கொடுக்க வழியில்லாமல் போவதும் பெரும்பாலும் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

முதலில் துணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

உறையின் உள்மடிப்பில் இருக்கும் சிறு பட்டையைப் பாருங்கள். பருத்தி, லினன், விஸ்கோஸ் என்றால் ரியாக்டிவ் சாயம் நன்றாகப் பிடிக்கும். உப்பும் சலவைச் சோடாவும் துணைக்குப் போதும். பாலியெஸ்டர் என்று இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. அதற்குரிய டிஸ்பர்ஸ் சாயத்தை ஆலைகளில் அழுத்தக் கலனுக்குள் சுமார் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏற்றுகிறார்கள். நம் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது.

பட்டை இல்லாவிட்டால் உள்தையலிலிருந்து இரண்டு இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாடை வந்து மெல்லிய சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கெட்டி உருண்டையானால் பாலியெஸ்டர். இரண்டும் கலந்த துணியில் பருத்தி இழை மட்டுமே சாயம் வாங்கும். சாயத்தின் நிற அட்டையில் பார்த்த நிறம் வராது.

முழுப் பருத்தி உறையிலும் ஒரு சங்கடம் உண்டு. தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும். உறை கருநீலமான பிறகும் ஓரத்தையல் மட்டும் பழைய வெள்ளையில் பல்லிளிக்கும். பழைய நிறமும் மறைந்துவிடாது. மஞ்சள் உறையில் நீலம் ஏற்றினால் பச்சைதான் கிடைக்கும். ஒரு கிலோ துணி தாராளமாகப் புரள 20 லிட்டர் தண்ணீராவது வேண்டும். மூவர் உட்காரும் சோபாவின் உறையை ஒரே வாளியில் திணித்தால் மடிந்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகும். வினிகர் ஊற்றினால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். அது பட்டு, கம்பளிக்குப் போடும் அமிலச் சாயத்துக்குப் பொருந்தும், பருத்திக்குப் பொருந்தாது.

சாயம் ஏறிய உறையை அலசும் தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். காய்ந்தபின் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அந்தத் துணியில் நிறம் ஏறினால், கொல்கத்தாப் புழுக்கத்தில் வியர்த்த முதுகோடு வந்து சாய்கிற விருந்தாளியின் சட்டையிலும் ஏறும்.

பொட்டலம் என்ன சொல்கிறது?

புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அரோமாட்டிக் அமின்களை வெளிவிடும் சாயங்கள் நம் நாட்டில் தடை செய்யப்பட்டவை. பென்சிடின் அடிப்படையிலான 42 சாயங்களுக்கும், 1997-இல் மேலும் 70 அசோ சாயங்களுக்கும் மத்திய அரசு தடை விதித்தது. ஆனால் பெயரில்லாத பிளாஸ்டிக் பையில் எடை போட்டுத் தரும் பொடியில் எது இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி உற்பத்தியாளர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, குறை சொல்வதற்கான தொடர்பு விவரம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எடை போட்டு விற்கும் பொருளில் 10 கிராமும் அதற்குக் குறைவும் உள்ள பொட்டலங்களுக்கு இந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதனால் பல சிறு பொட்டலங்கள் வாங்குவதைவிட விவரங்கள் முழுதாக அச்சிட்ட ஒரு பெரிய டப்பா வாங்குவது பாதுகாப்பு. கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது தராமலிருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

உடம்புக்கு என்ன ஆபத்து?

ரியாக்டிவ் சாயப்பொடி காற்றில் பறந்து மூக்கில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு பொடியைக் கரையுங்கள். கரைசல் ஆனபின் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சலவைச் சோடாக் கரைசல் கண்ணில் தெறித்தால் கடுமையாகக் காந்தும். சாயத்துக்குப் பயன்படுத்திய பாத்திரமும் கரண்டியும் மீண்டும் சமையலுக்கு வரக் கூடாது.

பழைய நிறத்தை நீக்க விற்கும் ஹைட்ரோஸ் பொடியில் கூடுதல் கவனம் தேவை. ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும்; மூச்சைத் திணறடிக்கும் கந்தக டை ஆக்சைடும் வெளியாகும். மழைக்கால ஈரக்காற்றில் வாய் திறந்த பொட்டலமாக வைத்திருப்பது ஆபத்து. பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ கழிப்பறை கழுவும் அமிலத்தையோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அவசர உதவிக்கு 112.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

கொல்கத்தாவின் கழிவுநீரில் பெரும்பங்கு கால்வாய்கள் வழியாகக் கிழக்கே உள்ள சதுப்பு நிலங்களுக்குப் போகிறது. 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடம் 2002 முதல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள ஈரநிலம். அங்கே ‘பேரி’ என்று அழைக்கப்படும் மீன் பண்ணைகள் வெயிலையும் பாசியையும் கொண்டே கழிவுநீரைத் தெளியவைத்து ரோகுவும் கட்லாவும் வளர்க்கின்றன. அங்குள்ள தாபா என்ற பகுதியில் அதே நீரில் காய்கறி விளைகிறது. இந்த ஏற்பாட்டின் மதிப்பை உலகறியச் செய்தவர் சூழலியலாளர் துருவஜ்யோதி கோஷ். இது மனிதக் கழிவைச் செரிக்கும் ஏற்பாடு. எளிதில் சிதையாத செயற்கைச் சாயத்தையும் உலோகங்களையும் அப்படிச் செரிக்காது.

நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் பட்ட பாடு தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது அதனால்தான். ஒரு வீட்டின் ஒரு வாளி அந்த அளவுக்குப் போகாது என்றாலும், துணியின் எடைக்கு வேண்டிய சாயத்தை மட்டும் கரைப்பதும், மீதியைக் குளத்திலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டாமலிருப்பதும் நம் கையில் இருக்கின்றன. இயற்கைச் சாயம் போடுகிறவர்கள் நிறம் நிற்கப் படிகாரம் சேர்க்கலாம். குரோமிய உப்பு வேண்டாம். பக்கத்து வீட்டில் யாராவது தொழிலாகவே சாயம் போட்டுச் சந்தில் கழிவை விட்டால், மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கலாம்.

யார் பொறுப்பு?

சோபாவையோ உறையையோ விற்றவரிடம் உங்களுக்கு இருந்த உரிமை, நீங்களே சாயம் போட்டதும் வெகுவாகச் சுருங்கிவிடும். வாங்கியவர் மாற்றிய பொருளால் தீங்கு வந்தால் விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்று 2019 சட்டமே சொல்கிறது. உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் அது முடியும் வரை பொறுப்பது மேல். வீட்டுக்காரருடையதோ வாடகைக்கு எடுத்ததோ ஆன சோபா என்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

சாயம் தயாரித்தவரின் பொறுப்பு வேறு. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் அச்சிடாமல் விட்டு, அதனால் உங்களுக்குத் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு கேட்கலாம். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

லாண்டரியிலோ சாயக்கடையிலோ கொடுத்தால் அது சேவை. ‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பது கவனக்குறைவான வேலைக்கு முழுக் கவசம் ஆகாது. துணியின் வகை, கேட்ட நிறம், தரும் தேதி மூன்றையும் ரசீதில் எழுத வையுங்கள்.

புகார் கொடுக்கும் வழி

முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் வங்காளத்திலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம், செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மேல்முறையீட்டுக்கு மாநில ஆணையம் மிர்சா காலிப் தெருவின் கிரேதா சுரக்ஷா பவனில் இருக்கிறது.

குறை கண்ணுக்குத் தெரியாததாக இருந்தால் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்ப ஏதாவது இருக்க வேண்டுமே! ஆகவே டப்பாவை வழித்துக் கொட்டாதீர்கள். ஒரு ஸ்பூன் பொடி, சாயம் ஏறாத துணித் துண்டு ஒன்று, லேபிள், ரசீது, முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் 2 ஆண்டு வைத்திருங்கள்.